நாலு பக்கம் தாண்டுவதற்குள் தொலைந்த ஆர்டர்: ஜேஎஸ்எஃப் பீனைப் பிடித்து வைத்த பதிவு

நேற்று சாயங்காலம் லாக் கோப்பைத் திறந்தால் ஒரு ஆர்டருக்கு "பீன் பிறந்தது" என்று ஒரு வரி, "பீன் போனது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பீன் என்றால் பக்கத்தில் அடிக்கும் மதிப்புகளை சர்வரில் வைத்திருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட். இந்த இரண்டு வரியைப் பார்க்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. நடுவில் மூன்று தடவை தப்பான வழியில் போனேன், அதில் ஒன்று லைவுக்கே போய்விட்டது. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்ளிகேஷன் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் உள்வேலைக்கானது. ஜாவா 8, வலைப்பக்கங்களைக் கட்ட ஜேஎஸ்எஃப் 2.2, சர்வர் வைல்ட்ஃப்ளை, அதற்குள் சிடிஐக்கு (பீன்களை உருவாக்கி அழிக்கும் ஜாவா முறை) வெல்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், நான் பாதியில் கையில் எடுத்தது. ஒரு ஆர்டரைப் போட நாலு பக்கம்: முதல் பக்கத்தில் பையர், பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) எண், டெலிவரி தேதி. இரண்டாவதில் கலர்-சைஸ் பிரேக்கப், அதாவது ஆறு கலர், ஏழு சைஸ் என்றால் 42 கட்டம். மூன்றாவதில் பேக்கிங். நாலாவதில் எல்லாவற்றையும் காட்டி "உறுதி செய்" பட்டன். உறுதி செய்ததும் கட்டிங் பிளானுக்குப் போய்விடும்.

புகார் மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து போனில் வந்தது. "தம்பி, அரை மணி நேரமா பிரேக்கப் அடிச்சனுங்க, பேக்கிங் பக்கம் போயி திரும்பி வந்தா ஒண்ணுமே இல்லீங்க. 3எக்ஸ்எல் காலம் மட்டும் எப்பப் பார்த்தாலும் சைபர் காட்டுது" என்றார் அந்த அக்கா. 42 கட்டத்தையும் பையர் அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கையால் அடிப்பவர் அவர். அந்த அரை மணி நேரம் அவருடைய வேலை. அதை நம் ஸ்கிரீன் தூக்கிப் போட்டுவிட்டது என்று கேட்கவே சங்கடமாக இருந்தது. நேரில் போய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது.

கோடைத் திறந்ததும் காரணம் கொஞ்சம் புரிந்தது. பீனுக்கு ரிக்வெஸ்ட் ஸ்கோப். ஸ்கோப் என்றால் பீனின் ஆயுள், இங்கே அது ஒரே ஒரு ரிக்வெஸ்ட். பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பழைய பீன் போய்ப் புதுசு வரும். முதல் பக்கத்து மதிப்புகள் மூன்றாம் பக்கம் வரை வந்து சேர, முன்பு எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் ஹிட்டன் இன்புட் (கண்ணுக்குத் தெரியாத கட்டம்) வைத்துச் சுமந்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தில் எண்ணினேன், 55 இருந்தது. பின்னாளில் யாரோ 3எக்ஸ்எல் காலத்தை இரண்டாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள், மூன்றாம் பக்கத்தில் அதற்கான ஆறு ஹிட்டனைச் சேர்க்கவில்லை. அதனால்தான் அந்த சைஸ் மட்டும் சைபர். ஆறையும் சேர்த்துவிட்டு எழுந்து போயிருக்கலாம், பத்து நிமிட வேலை. ஆனால் அடுத்து 4எக்ஸ்எல் வந்தால் மறுபடி இதே கதை. அதனால் பீனையே பக்கம் தாண்டி உயிரோடு வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

கோடைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன், இந்தப் பதினோரு நாளில் எனக்கு அதிகம் உதவியது அதுதான். பீனில் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் (பீன் பிறந்ததும் ஓடுவது) ஒரு லாக் வரி, ப்ரீடிஸ்ட்ராய் மெத்தடில் (பீன் போவதற்கு முன் ஓடுவது) ஒரு லாக் வரி. இரண்டிலும் சிஸ்டம் ஐடென்டிட்டி ஹேஷ்கோடு (எந்தப் பீன் என்று காட்டும் எண்), செஷன் ஐடியின் கடைசி நாலு எழுத்து, நேரம். இன்னொரு பக்கம் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேப். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கிளிக்கில் எந்தப் பீன் பிறக்கிறது, எது சாகிறது என்று கண்ணால் பார்க்கலாம், ஊகமே வேண்டாம்.

முதல் முயற்சி, வியூ ஸ்கோப். பெயரைப் பார்த்து இதுதான் என்று நினைத்தேன். வியூஸ்கோப்டு என்று அடித்ததும் ஐடிஇ இரண்டு இம்போர்ட்டைக் காட்டியது, மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஒரே ஒரு பக்கம் திறப்பதற்குள் "பீன் பிறந்தது" 11 தடவை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஹேஷ்கோடு! அன்று மாலை முழுக்க டேட்டா டேபிளைச் சந்தேகப்பட்டு அதை வெட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில்தான் இம்போர்ட் வரி கண்ணில் பட்டது. 2009-இல் ஜேஎஸ்எஃப் 2.0 வந்தபோது வந்த வியூஸ்கோப்டு ஜாவாக்ஸ் ஃபேசஸ் பீன் பேக்கேஜில் இருப்பது. அது மேனேஜ்டுபீன் அனோட்டேஷனோடு (கிளாஸின் மேல் எழுதும் குறிப்பு) மட்டும் சேரும். என் பீனில் இருந்தது சிடிஐயின் நேம்டு. அந்தப் பழைய அனோட்டேஷனை சிடிஐக்குத் தெரியவே தெரியாது, அதனால் ஸ்கோப்பே சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு டிபெண்டன்ட் ஆக்கிவிடும். பக்கத்தில் பீன் பெயர் வரும் ஒவ்வொரு எக்ஸ்பிரஷனுக்கும் ஒரு புதுப் பீன். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது, கம்பைல் ஜோராக ஆகும். சிடிஐக்கு வேண்டியது 2013-இல் ஜேஎஸ்எஃப் 2.2-இல் வந்தது, அது ஜாவாக்ஸ் ஃபேசஸ் வியூ பேக்கேஜில் இருக்கிறது. ஒரே ஒரு சொல் வித்தியாசம்.

அதை மாற்றியதும் உடனே வெல்டு-000072 என்று டிப்ளாய்மென்டே நின்றது. பீன் சீரியலைசபிள் (பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கக்கூடியது) இல்லை என்பதுதான் பிரச்சினை. அது நல்ல எரர், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. பீனையும் அதற்குள் இருக்கும் கிளாஸ்களையும் சீரியலைசபிள் ஆக்கினேன். இப்போது இரண்டாம் பக்கத்துக்குள்ளேயே கலர் சேர்ப்பது, வரி நீக்குவது, டோட்டல் போடுவது எல்லாம் ஒரே பீனில் நடந்தது. சந்தோஷத்தோடு "அடுத்து" அழுத்தினேன். மூன்றாம் பக்கத்தில் புதுப் பீன், எல்லாம் காலி.

அதில் பிழை ஒன்றும் இல்லை, வியூ ஸ்கோப் என்றால் அப்படித்தான். அதே பக்கத்துக்கே திரும்பத் திரும்ப போஸ்ட் ஆகும் வரை பீன் இருக்கும், வேறு பக்கத்துக்கு நகர்ந்தால் அதோடு முடிந்தது. என் நாலும் தனித்தனி எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகள், தனித்தனி வியூ. இதை முதலிலேயே நிதானமாகப் படித்திருந்தால் ஒன்றரை நாள் மிச்சம்.

இரண்டாவது முயற்சி, செஷன் ஸ்கோப். ஐந்து நிமிடத்தில் எல்லாம் வேலை செய்தது. முன்னே போனால் இருக்கிறது, பின்னே வந்தால் இருக்கிறது, எஃப்5 அடித்தாலும் இருக்கிறது. 55 ஹிட்டனையும் அழித்தேன், கோப்பு பாதியாகக் குறைந்தது. செவ்வாய்க்கிழமை லைவ்.

வியாழக்கிழமை மதியம் அந்த அக்கா மறுபடி அழைத்தார், இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, ஜெர்மனி பையரோட பிஓ நம்பருக்கு ஸ்பெயின் ஆர்டரோட பிரேக்கப் வந்து நிக்குதுங்க. நல்ல வேளை, உறுதி பண்றதுக்கு முன்னால பாத்துட்டனுங்க." அவர் இரண்டு டேப்பில் இரண்டு ஆர்டரைத் திறந்து வைத்து, ஒன்றுக்கு பையரிடமிருந்து பதில் வரும்வரை இன்னொன்றை அடித்திருக்கிறார். எல்லா மெர்ச்சண்டைசரும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள். செஷன் என்பது பிரவுசருக்கு ஒன்று, டேப்புக்கு ஒன்று அல்ல. இரண்டு டேப்பும் ஒரே பீனில் எழுதின, கடைசியில் எழுதியது நின்றது. பழைய ஹிட்டன் முறையில் டேட்டா தொலைந்தது, ஆனால் ஒரு ஆர்டர் இன்னொன்றில் கலக்கவில்லை. நான் செய்த திருத்தத்தால் அது கலந்தது. எம் சைஸ் 1,200 வர வேண்டிய இடத்தில் 4,800 என்று கட்டிங்குக்குப் போயிருந்தால், துணியை வெட்டிய பிறகு திரும்ப ஒட்ட முடியாது. அன்றே பழைய வெர்ஷனை வைத்து, விட்டுப்போன ஆறு ஹிட்டனைச் சேர்த்துவிட்டு வந்தேன். உறுதியான எல்லா ஆர்டரையும் புதன், வியாழன் இரண்டு நாளுக்கும் எடுத்து எக்செல் ஷீட்டோடு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். 31 ஆர்டர், எதுவும் கலந்திருக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் இன்னொன்றும் பார்த்தேன். விஷுவல்விஎம்மில் ஹீப் டம்ப் (மெமரியின் நகல்) எடுத்தபோது ஒரு ஆளுடைய பீன் மட்டும் 2.4 எம்பி பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்டைல் படங்களின் பட்டியலைப் பீனுக்குள்ளேயே வைத்திருந்ததுதான் காரணம். ரிக்வெஸ்ட் ஸ்கோப்பில் அது உடனே போய்விடும், யாருக்கும் தெரியாது. செஷனில் அது லாக்அவுட் அல்லது டைம்அவுட் வரை நிற்கும். நீண்ட ஸ்கோப்புக்குப் போகும்போது பீனுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபீல்டாகப் பார்க்க வேண்டும். படப் பட்டியலைத் தனி ரிக்வெஸ்ட் பீனுக்கு மாற்றியதும் அளவு 40 கேபிக்கு வந்தது.

நடுவில் ஜேஎஸ்எஃப்பின் ஃப்ளாஷும் ஒரு மாலை போட்டுப் பார்த்தேன். ரீடைரக்ட் செய்து அடுத்த பக்கத்துக்கு ஒரு பொருளைக் கை மாற்ற அது நல்ல வழி. ஆனால் அடுத்த ஒரு ரிக்வெஸ்ட்டுக்குத்தான் அதன் ஆயுள். கீப் சொல்லி நீட்டலாம், ஆனால் நாலு பக்கமும் முன்னும் பின்னுமாகப் போகும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் கீப் சொல்லிக்கொண்டே இருப்பது ஹிட்டன் இன்புட்டைச் சுமப்பதற்குச் சமம். எஃப்5 அடித்தால் அதோடு காலி. "ஆர்டர் சேமிக்கப்பட்டது" என்ற செய்தியை ரீடைரக்ட்டுக்குப் பிறகு காட்ட மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முயற்சிதான் நிலைத்தது. கான்வர்சேஷன் ஸ்கோப். இதில் பீன் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று நாமே சொல்கிறோம். முதல் பக்கத்தில் வியூஆக்‌ஷன் வழியாக (பக்கம் திறக்கும்போது ஓடுவது) பிகின், நாலாம் பக்கத்தில் உறுதி செய்ததும் எண்ட். நடுவில் ஒவ்வொரு முகவரியிலும் சிஐடி=1, சிஐடி=2 என்று கான்வர்சேஷன் எண் வரும். அந்த எண்தான் டேப்பைப் பிரிக்கிறது. இரண்டு டேப், இரண்டு எண், இரண்டு பீன். லாக்கில் இரண்டு ஹேஷ்கோடு தனித்தனியாக ஓடியதைப் பார்த்தபோது வியாழக்கிழமையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் அன்றே அடுத்த கிளிக்கில் நான்எக்சிஸ்டென்ட் கான்வர்சேஷன் என்று எரர். முதல் பக்கம் வரும், "அடுத்து" அழுத்தினால் கான்வர்சேஷனே இல்லை என்கிறது. குக்கீயைப் பார்த்தேன், ஃபில்டரைப் பார்த்தேன், வெல்டு வெர்ஷனைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். கடைசியில் பார்த்தால் செட்டைம்அவுட்டில் 30 என்று போட்டிருக்கிறேன், நிமிடம் என்று நினைத்து. வெப்.எக்ஸ்எம்எல்லில் செஷன் டைம்அவுட் நிமிடத்தில், கான்வர்சேஷன் டைம்அவுட் மில்லிசெகண்டில். 30 மில்லிசெகண்டில் யார் அடுத்த பட்டனை அழுத்த முடியும்? 18,00,000 என்று மாற்றினேன். சொல்லாமல் விட்டால் வெல்டில் பத்து நிமிடம், அது டீ குடித்து வருவதற்குள் போய்விடும். இன்னொன்று, கான்வர்சேஷன் செஷனுக்குள்தான் வாழ்கிறது. எங்கள் வெப்.எக்ஸ்எம்எல்லில் செஷன் 15 நிமிடம் என்று இருந்தது, அப்படியே விட்டிருந்தால் என் 30 நிமிடத்துக்கு அர்த்தமே இல்லை. அதை 60 ஆக்கினேன்.

அடுத்து லிங்க். பட்டனை அழுத்தி போஸ்ட் ஆனால் சிஐடி தானாகப் போகிறது. மேலே "1 பையர் → 2 பிரேக்கப் → 3 பேக்கிங்" என்று இருந்த படிகள் எச்:லிங்க்கால் ஆனவை, அவை சாதாரண கெட் ரிக்வெஸ்ட், அவற்றில் சிஐடி ஒட்டாது. கிளிக் செய்தால் காலிப் பக்கம். ஒவ்வொன்றிலும் எஃப்:பாரம் (லிங்க்கோடு மதிப்பை அனுப்பும் டேக்) வைத்து கான்வர்சேஷன் ஐடியைக் கையால் கொடுத்தேன். "புது ஆர்டர்" லிங்க்கில் மட்டும் வேண்டுமென்றே கொடுக்கவில்லை, அது புதிதாகத் தொடங்க வேண்டும். எஃப்5 அடித்தால் பிகின் இரண்டாம் தடவை ஓடி எக்செப்ஷன் வரும், அதனால் டிரான்சியன்ட்டா (இன்னும் தொடங்காததா) என்று பார்த்த பிறகே பிகின்.

இதற்குப் பிறகும் ஒரு இடத்தில் டேட்டா போனது, அதுதான் என்னை அதிகம் குழப்பியது. லாக்கில் பீன் உயிரோடு இருக்கிறது, அதே ஹேஷ்கோடு. ஆனால் பேக்கிங் பக்கத்தில் அடித்துவிட்டு "முந்தைய" அழுத்தி மறுபடி வந்தால் பேக்கிங் மட்டும் காலி. அந்தப் பட்டனில் இமீடியட் ட்ரூ என்று இருந்தது. கட்டாயக் கட்டங்களை நிரப்பாமலும் பின்னே போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இமீடியட் வைத்தால் அந்தப் பக்கத்தில் அடித்தது எதுவும் பீனுக்குள் போகவே போகாது, வேலிடேஷனோடு சேர்த்து மாடல் அப்டேட்டும் தாண்டப்படும். எடுத்துவிட்டேன். எடுத்தால் கட்டாயக் கட்டம் பின்னே போக விடாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் ரிக்வயர்டு என்பதற்கு ட்ரூ என்று போடாமல், வந்த ரிக்வெஸ்ட்டில் "அடுத்து" பட்டனின் ஐடி இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்பிரஷனை வைத்தேன். முன்னே போனால் கட்டாயம், பின்னே போனால் விட்டுவிடும், அடித்தது மட்டும் பத்திரமாகப் பீனுக்குள் போகும். மொத்தம் 14 கட்டம், ஒரு மணி நேரம்.

சோதனையின்போது பிசி கான்வர்சேஷன் என்று ஒரு எக்செப்ஷனும் வந்தது. நாலாம் பக்கத்தில் "பிடிஎஃப் பார்" என்றால் புது டேப்பில் திறக்கும், அது தயாராக நாலு நொடி. அதற்குள் முதல் டேப்பில் ஏதாவது அழுத்தினால் ஒரே கான்வர்சேஷனை இரண்டு ரிக்வெஸ்ட் கேட்கிறது, ஒன்று வெளியே தள்ளப்படுகிறது. பிடிஎஃப்பை ஆர்டர் எண் மட்டும் வாங்கும் தனி சர்வ்லெட்டுக்கு (ரிக்வெஸ்ட்டுக்கு நேரே பதில் தரும் ஜாவா கிளாஸ்) மாற்றினேன், சிஐடியே அதற்கு வேண்டாம். ஆனால் உறுதி செய்யாத ஆர்டருக்கு எண் ஏது? இந்தக் கேள்விதான் டிராஃப்ட் டேபிளுக்கு இழுத்துப் போனது. இப்போது ஒவ்வொரு "அடுத்து"க்கும் "முந்தைய"வுக்கும் பீனில் இருப்பதை டிராஃப்ட் என்ற நிலையோடு டேட்டாபேஸில் எழுதிவிடுகிறேன். கான்வர்சேஷன் காலாவதி ஆனாலும், சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும், கரண்ட் போனாலும் கடைசியாகத் தாண்டிய பக்கம் வரை மிச்சம் இருக்கும். பிரவுசரின் பேக் பட்டனில் பழைய சிஐடியோடு யாராவது வந்தால் எரர் பக்கத்துக்குப் பதிலாக "பாதியில் நிற்கும் ஆர்டர்கள்" பட்டியல் வருகிறது, அங்கிருந்து தொடரலாம்.

செலவுக் கணக்கு: பதினோரு நாளில் உண்மையான வேலை நேரம் சுமார் 46 மணி. அதில் தப்பான இம்போர்ட் ஐந்து மணி, செஷன் ஸ்கோப்பும் அதனால் வந்த சரிபார்ப்பும் பதிமூன்று மணி, மில்லிசெகண்ட் இரண்டு மணி. புது லைசன்ஸ், புது சர்வர் எதுவும் வாங்கவில்லை. கோப்புகளில் சேர்த்ததைவிட அழித்த வரிகள் அதிகம்.

இதே வேலை மறுபடி வந்தால் நாலு எக்ஸ்எச்டிஎம்எல் வைக்க மாட்டேன். ஒரே பக்கம், அதற்குள் நாலு பேனல், எந்தப் படியில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து ரெண்டர்டு மாறும், பீன் வியூ ஸ்கோப். பக்கம் மாறாததால் பீன் தானாக நிற்கும், டேப்புக்கு ஒன்று என்பதும் இலவசமாகக் கிடைக்கும், சிஐடியைச் சுமக்க வேண்டாம். இங்கே பேக்கிங் பக்கத்தை வேறு இரண்டு இடத்திலிருந்தும் அழைக்கிறார்கள், அதனால்தான் பிரித்தே வைத்தேன். ஃப்ளோ ஸ்கோப்பையும் (ஒரு பக்க வரிசை முடியும் வரை பீனை வைப்பது) அதே காரணத்துக்காகவே விட்டேன். அதற்கு அந்தப் பக்கங்களை ஃப்ளோ பெயரில் ஒரே ஃபோல்டருக்குள் வைக்க வேண்டும், வெளியிலிருந்து வருபவர்களுக்கு வழி தனியாக யோசிக்க வேண்டும். டிராஃப்ட் டேபிளை முதல் நாளே போட்டிருப்பேன். அப்புறம், எதை லைவுக்குக் கொண்டு போனாலும் இரண்டு டேப் திறந்து இரண்டு ஆர்டரைக் கலந்து கலந்து அடித்துப் பார்க்காமல் கொண்டு போக மாட்டேன்.

நேற்று மதியம் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே மூன்று டேப் திறந்தார், மூன்று பையர், நடுவில் சாப்பிடப் போய் நாற்பது நிமிடம் கழித்து வந்தார். கான்வர்சேஷன் போயிருந்தது, பாதியில் நிற்கும் ஆர்டர் பட்டியலில் மூன்றும் இருந்தன. இரண்டாவதைத் திறந்து 3எக்ஸ்எல் காலத்தைத்தான் முதலில் பார்த்தார். "ம், இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

மிச்சம் ஒன்று. அடுத்த மாதம் வைல்ட்ஃப்ளையைப் புதிய வெர்ஷனுக்கு மாற்ற வேண்டும், அதில் ஜேஎஸ்எஃப், சிடிஐ இம்போர்ட்டெல்லாம் ஜாவாக்ஸ் என்ற பேக்கேஜ் பெயரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போகும். 2022-இல் வந்த ஃபேசஸ் (ஜேஎஸ்எஃப்பின் புதுப் பெயர்) 4.0-இல் அந்தப் பழைய பீன் பேக்கேஜையே எடுத்துவிட்டார்கள். புராஜெக்ட்டில் தேடினேன், நேம்டோடு பழைய வியூஸ்கோப்டு சேர்ந்த பீன் இன்னும் ஏழு இருக்கிறது. இத்தனை நாள் சத்தமில்லாமல் புதுப் புதுப் பீனாகப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருந்தவை, இனி கம்பைலிலேயே நின்றுவிடும். அந்த ஏழின் பெயரையும் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், திங்கள்கிழமை முதல் பெயரிலிருந்து ஆரம்பம்.